‘போதும்’ என்றால் நிற்பாள்

மகன் ஜின்ஷெங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலியும் அவரோடு சுகமாக இருக்கிறது. நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்கழுதையை ஆள் வைத்து அடிக்கவும், அதைப் படம் பிடித்துப் பெற்றவளுக்கே அனுப்பவும் தெம்பு இருக்கிறவன் சுகமாகத்தான் இருப்பான். மருமகள் சுன்யான் நன்றாக இருக்கட்டும். அவள் என் வயிற்றில் பிறக்கவில்லை, அவளைத் திட்ட எனக்கு உரிமை குறைவு. உன்னைத் திட்ட இருக்கிற உரிமை முழுவதையும் இந்தக் காகிதத்தில் இறக்கிவைக்கப் போகிறேன். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் பாதியில் எங்காவது போய்விடுவாய்.

செவ்வாய்க்கிழமை காலை, தினைக் கஞ்சி அடுப்பில் கொதிக்கும்போது போனில் உன் படம் வந்தது, கூடவே உன் குரலும் வந்தது. "பாரும்மா உன் கழுதையோட லட்சணத்த. ஆள் மேலயே பாயுது. நான் தோட்டத்தப் பாக்கறதா, ஆஸ்பத்திரிக்கு ஓடறதா? இருபதாந் தேதி வியாபாரி வர்றான், ஏத்தி விட்டுடப் போறேன்" என்றாய். அந்த வியாபாரியின் வண்டி எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தோலை உரித்து மருந்துப் பசை காய்ச்சுகிற இடத்துக்குப் போகும். அதை வாய்விட்டுச் சொல்ல உனக்கே கூசுகிறது, அதனால்தான் சித்தியை பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி ஏத்தி விட்டுடறேன் என்கிறாய். நாலு தடவை கூப்பிட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை, நாலாவது தடவை எடுத்து மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். ஸ்ட்ராபெரிச் செடிகளோடு உனக்கு என்னடா மீட்டிங்? கடைசியில் உன் அப்பா போனை வாங்கி, அவரே உன்னைக் கூப்பிட்டு, "லெட்டர் ஒண்ணு வருது. அதப் படிக்காம விக்காத" என்றார். அந்த மனுஷன் ஒரு வருஷத்தில் உன்னிடம் பேசுகிற பேச்சே அவ்வளவுதான், அதனால் நீ பயந்துபோய்ச் சரி என்றாய். அந்த ஒரு சரியை நம்பித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு சரிம்மா போடுவாய், அது ஒரு காரணம். காகிதத்திடம் சரிம்மா போட முடியாது. இன்னொரு காரணம், இதில் நான் சொல்லியாக வேண்டிய ஒரு சொல் என் வாயில் வராது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வந்தது, அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எழுதத்தான் முடியும். அதுவும் எழுத வேண்டிய இடம் வருகிறபோது கை ஓடுமா என்று தெரியவில்லை, பார்ப்போம்.

போன இலையுதிர் காலத்தில் நீ வந்து கழுதையைக் கேட்டபோது என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. நம் படிவயல்களில் ஏறி இறங்க அவளுக்கும் முடியவில்லை, உன் அப்பாவுக்கும் முடியவில்லை என்பது உண்மைதான். நீ அந்த நேரம் பார்த்து, "கடலோரம்மா, காத்து, புல்லு. வேலையே கிடையாது, சும்மா நிக்கட்டும், பழம் பறிக்க வர்ற ஜனங்க தடவிக் குடுத்துட்டுப் போவாங்க. ராணி மாதிரி வெச்சிக்கிறேன்" என்றாய். நான் நம்பினேன். பெற்ற பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். லாரியில் ஏற்றுகிற அன்றைக்குப் பதினோரு விஷயம் சொல்லி அனுப்பினேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஏழு கழுதை வயசாகிறது, ஒரு கழுதையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. கழுதை என்றே உன்னைத் திட்ட வாய் வருகிறது, ஆனால் எதற்கு அவளைக் கேவலப்படுத்துவது என்று அடக்கிக்கொள்கிறேன்.

உன் படம் நாற்பது நொடி ஓடுகிறது. அதை நான் இருபது தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். அந்த நாற்பது நொடியில் நீ என்ன காட்ட நினைத்தாயோ எனக்குத் தெரியாது, நான் பார்த்தது இது. அவள் முன்னங்கால் குளம்புகள் பழைய செருப்பு மாதிரி முன்பக்கம் நீண்டு மேலே வளைந்திருக்கின்றன. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும் என்று சொன்னேனா இல்லையா? போனதிலிருந்து ஒரு தடவைகூடக் கத்தி படவில்லை. அவள் எட்டெடுத்து வைக்கும்போது குதிகாலில் ஊன்றுகிறாள், முன்னால் ஊன்றினால் வலிக்கிறது. கழுதை வலியை வெளியே காட்டாதுடா. குதிரை என்றால் படுத்து உருண்டு ஊரைக் கூட்டும், மாடு கத்தும், இவள் ஒரு கால் அழுகிப்போனாலும் தலையைத் தொங்கப்போட்டு நிற்பாளே தவிர முனகக்கூட மாட்டாள். அதனால் கழுதை நிற்கிறதே, தின்கிறதே, நன்றாயிருக்கிறது என்று சொல்லாதே. நிற்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பிடரியும் வீங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது கொழுப்பு. மக்காச்சோளம் போடுகிறாய், இல்லையென்றால் சோயாப் புண்ணாக்கு போடுகிறாய், உன் அன்பையெல்லாம் தீவனத்தில் காட்டுகிறாய். நம் ஊர் ஆட்களுக்கே இந்தக் கோளாறு உண்டு, விருந்தாளி வந்தால் வயிறு வெடிக்கப் போட்டால்தான் மரியாதை என்று. கழுதைக்கு அந்த மரியாதை விஷம். அவளுக்கு வேண்டியது விரல் நீளத்துக்கு நறுக்கின தினைத்தாள், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டிருக்க. தானியம் இரண்டு கைப்பிடிக்கு மேல் கூடாது. மேலே போனால் அந்தக் கொழுப்பு குளம்புக்குள் இறங்கி உள்ளேயே எரியும். சின்னப் பிள்ளை கேட்டால்கூட நம் ஊரில் சொல்லும்.

தரை சிமெண்டு. அலம்பிவிடச் சுலபம் என்று போட்டிருப்பாய், ஆட்கள் வந்தால் நாற்றம் இருக்கக்கூடாது. அலம்பி அலம்பி ஈரத்திலேயே நிற்கவைத்திருக்கிறாய். அவளுக்குக் காய்ந்த மண் வேண்டும். சுமை இறக்கினதும் புழுதியில் மூன்று தடவை புரண்டு எழுந்து உதறினால்தான் அவளுக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி. சிமெண்டில் எப்படிப் புரளுவாள், நீ புரண்டு பார். மேலே கூரை பாதிதான் இருக்கிறது. ஆட்டுக்கு ரோமத்தில் எண்ணெய் ஓடும், மழை வழிந்துவிடும். கழுதை ரோமத்தில் அது கிடையாது, நனைந்தால் எலும்பு வரைக்கும் நனையும். கடல் மழையில் ஒரு பனிக்காலம் முழுக்க இவள் எப்படி நின்றாளோ. அந்தக் கொட்டகையில் இன்னொரு மூச்சும் இல்லை. தனியாக நிற்கிறாள். இங்கே நம் ஒற்றைக்காது ஆடு அவள் வயிற்றுக்கடியில்தான் படுத்திருக்கும். அதையும் கூட்டிக்கொண்டு போ என்று நான் சொன்னதற்கு, ஆடு அசிங்கம் பண்ணும் என்று சொன்னவன் நீ. அந்த ஆடு அவள் போன பிறகு பத்து நாள் வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது, உனக்குத் தெரியாது, உன் அப்பாவைக் கேள்.

அப்புறம் பழம் பறிக்க வந்த அந்தத் தடியன். அவன் பெயர் எனக்குத் தெரிய வேண்டாம். இரண்டு காலையும் தொங்கப்போட்டால் பாதம் தரையைத் தொடுகிறது, அந்த உருவத்தை அவள் முதுகில் ஏற்றி ஸ்ட்ராபெரிப் பாத்திக்கு நடுவில் ஊர்வலம் விடுகிறீர்கள். தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்றாயே, இதுதான் தடவிக் கொடுப்பதா? நம் வீட்டுக் கழுதைகள் தண்ணீர் சுமந்திருக்கின்றன, எரு சுமந்திருக்கின்றன, இலந்தை மூட்டை சுமந்திருக்கின்றன. ஆள் ஏறினது ஒரே ஒரு தடவை. உனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து கண் சொருகினபோது, இவளுடைய தாய்க்கழுதையின் முதுகில் போர்வையோடு உன்னைக் கட்டி, உன் தாத்தா முன்னால் கயிறு பிடித்துப் பனிச்சரிவில் எட்டு மைல் இறங்கி வைத்தியரிடம் போனார். அந்தக் கழுதை ஒரு இடத்திலும் கால் இடறவில்லை. அதன் மகளைத்தான் நீ இருபதாம் தேதி வண்டியில் ஏற்றப்போகிறாய்.

சரி, இப்போது அவள் பாய்ந்த கதைக்கு வருகிறேன். படத்தில் உன் ஆள் மெங் அதுவரை கயிற்றைப் பிடித்துத்தான் நடத்திவருகிறான். தடியன் மட்டும் தனியாக உன் படத்தில் வரட்டும் என்று கயிற்றை அவள் கழுத்தில் போட்டுவிட்டு முன்னால் ஓடி நின்றுகொள்கிறான். நின்று, உலகத்தில் கழுதை ஓட்டுகிற எல்லாரும் நிறுத்துவதற்குச் சொல்கிற அந்தச் சொல்லைச் சொல்கிறான். அவள் நிற்கவில்லை, வேகமாக வருகிறாள். அவன் கையை விரித்துக்கொண்டு சத்தமாகச் சொல்கிறான். அவள் ஓடி வருகிறாள். அவன் தொண்டை கிழியக் கத்துகிறான், அவள் நாலுகால் பாய்ச்சலில் அவன் மார்பில் முட்டாத குறையாக வந்து நிற்கிறாள், தடியன் பாத்தியில் விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புரளுகிறான். அதற்கப்புறம் மெங் மண்வெட்டிக் கட்டையை எடுக்கிறான். முகத்தில் அடிக்கிறான். படம் எடுக்கிறவன் நீ, தடுக்கவில்லை, "நல்லா போடு, இன்னொண்ணு போடு" என்று உன் குரல் கேட்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அவள் காதைப் பார்த்தாயாடா? கோபத்தில் வருகிற கழுதை காதைப் பின்னால் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். இவள் இரண்டு காதும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு, அந்த வெள்ளை மூக்கை, மெங்கின் சட்டைப் பைக்குக் கொண்டுபோகிறாள். பாய்கிற மிருகம் எதற்குடா சட்டைப் பையை மோந்து பார்க்கிறது? இது எனக்குப் புரியவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததே அதற்காகத்தான். உன் அப்பாவுக்கு அந்தச் சத்தமே பொறுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் ஏன் போனார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் கிழவர் துவான் சல்லடை கேட்டு வந்தார். நம் சரிவின் திருப்பத்தில் வீடு, உன் தாத்தாவின் கூட்டாளி, உனக்குச் சட்டைப் பையிலிருந்து இலந்தை எடுத்துக் கொடுப்பாரே அவர்தான். எண்பத்தாறு வயது, காது பாதிதான். நான் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன், மெங் கத்துகிறான். துவான் வாசலிலேயே நின்றுவிட்டார். கையைக் காதில் வைத்துக்கொண்டு, "யாருடி அது, என் கூட்டாளியக் கூப்புடறது? அவன் போயிப் பன்னண்டு வருசமாச்சே, எவன்டி இன்னும் கூப்புட்டுக்கிட்டு இருக்கான்?" என்றார்.

இனி எழுதித்தான் ஆக வேண்டும். உன் தாத்தாவின் பெயர் யூ. உனக்குத் தெரியும், கல்லறைக் கல்லில் படித்திருப்பாய், ஆனால் இந்த வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய். நான் மருமகளாக வந்த முதல் வாரம், தண்ணீர்ப் பீப்பாயோடு கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்த என் பிறந்த ஊர்ப் பழக்கத்தில் யூ, யூ என்று இரண்டு தடவை கத்தினேன். உள்ளேயிருந்து உன் பாட்டி கையில் மாவோடு ஓடி வந்தாள். "ஏண்டி, உங்க ஊர்ல மாமனாரத்தான் கழுதைக்குக் கூப்புடுவீங்களா? நில்லு யூ, வா யூ, நாளைக்குச் சேணமும் கட்டி ஓட்டுவியா?" என்று அந்த மாவுக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். சுற்றிலும் ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. குரலை நீட்டிக் கத்தினால் இரண்டும் ஒரே சத்தம்தான், நான் என்ன கண்டேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் தண்ணீருக்குப் போகும்போது உன் தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி, "புள்ள, 'போதும்'னு சொல்லிப் பாரு. நானும் அப்படியே சொல்லிக்கிறேன். கழுதைக்கு என்ன, எதச் சொன்னாலும் பழகிக்கும்" என்றார். அதிலிருந்து இந்த வீட்டுக் கழுதைகளுக்கு நிறுத்தும் சொல் போதும். கத்த வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போலச் சொன்னால் நிற்கும். உன் அப்பாவும் அதைத்தான் சொல்வார். ஊரில் வேறு யாருக்கும் இது தெரியாது, தெரிந்தால் மறுபடியும் சிரிப்பார்கள்.

இவள் பிறந்தபோது இந்த வீட்டில் அந்தப் பெயர் ஒலிப்பதே இல்லை. வெளியே ஒருவர்தான் சொல்வார், துவான். இரண்டு பேரும் ஒரே வயசு, அவருக்கு யார் தடை சொல்வது. சாயங்காலம் உன் தாத்தா இவளோடு வயலிலிருந்து ஏறி வரும்போது துவான் தன் முற்றத்தில் நின்று, யூ... ஏ யூ... என்று நீட்டிக் கூப்பிடுவார், புகை பிடிக்க. தாத்தா திரும்புவார், இவளும் திரும்புவாள். போனால் இவளுக்கு ஒரு இலந்தை, சட்டைப் பையிலிருந்து. பத்து வருஷம் இது நடந்தது. கொஞ்ச நாளிலேயே தாத்தா திரும்புவதற்கு முன்னால் இவள் ஓடிப்போய் துவானின் பையில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டாள், கிழவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். புது வருஷத்தின் முதல் நாட்களில் கோழிக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், பன்றிக்குக்கூட ஒரு நாள் இருக்கிறது, கழுதைக்குத்தான் நாள் இல்லை என்று உன் தாத்தாவுக்கு வருத்தம். குதிரையின் நாளில் யாருக்கும் தெரியாமல் இவளுக்குப் பொங்கின தினை மாவில் ஒரு உருண்டை வைப்பார். அவர் போன பிறகு துவான் யாரைக் கூப்பிடுவார்? அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. நாங்களும் மரியாதை மரியாதை என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது புரிகிறதா? மெங் நிறுத்தச் சொன்னான் என்று நீ நினைக்கிறாய். அவள் காதில் விழுந்தது, பன்னிரண்டு வருஷம் கழித்து யாரோ உன் தாத்தாவைக் கூப்பிடுகிற சத்தம். அவர் வந்துவிட்டார் என்று நினைத்தாளோ, இலந்தை இருக்கிறது என்று நினைத்தாளோ, நான் அறியேன். வலிக்கிற குளம்போடு, முதுகில் அந்தத் தடியனோடு, கூப்பிட்ட இடத்துக்கு ஓடினாள். அவன் சத்தமாகக் கூப்பிடக் கூப்பிட வேகமாக ஓடினாள். என் பிள்ளைகளில் சொன்ன சொல் கேட்டது அவள் ஒருத்திதான். அதற்கு நீ கட்டையால் அடிக்கச் சொன்னாய்.

நான் யோக்கியம் என்று இதை எழுதவில்லை. பதினோரு விஷயம் சொல்லி அனுப்பினேன் என்றேனே, பன்னிரண்டாவதாக இதைச் சொல்லியிருக்க வேண்டும். நிறுத்தும் சொல்லே தெரியாமல் ஒரு கழுதையை வெளியூருக்கு அனுப்பினது நான். எனக்குத் தோன்றவே இல்லை. போதும் என்று சொல்வது முப்பத்தாறு வருஷத்தில் எனக்கு உலக வழக்கம் போலவே ஆகிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. இவள் பிறந்த வருஷம்தான் உன்னைப் பதினோரு வயதில் பட்டணத்துப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தோம். விடுமுறைக்கு வந்தால்கூட, "நீ புஸ்தகத்தப் பாரு, கழுதைகிட்ட உனக்கு என்ன வேலை" என்று உன்னைக் கொட்டகைப் பக்கம் விடாதவள் நான். அதனால் இந்த வசவில் பாதி எனக்குச் சேரும், எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை நீ பத்திரமாக வைத்துக்கொள். குளம்பும் சிமெண்டும் மழையும் மண்வெட்டிக் கட்டையும் உன் கணக்குத்தான், அதில் தாத்தா பெயருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வியாபாரியை வராதே என்று சொல். தடியனை மருத்துவரிடம் காட்டு, மன்னிப்புக் கேள், கழுதை அவனைத் தள்ளவில்லை என்றும் சொல். குளம்பு சீவுகிறவனைக் கூப்பிடு, ஒரே தடவையில் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லாதே, இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல், இல்லையென்றால் நிற்கவே முடியாமல் போகும். மக்காச்சோளத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்து. திடீரென்று பட்டினி போட்டாலும் கழுதைக்கு ஆகாது, தன் கொழுப்பே ரத்தத்தில் கலந்து செத்துப்போகும். தாள் எப்போதும் முன்னால் இருக்கட்டும். ஒரு மூலையில் சிமெண்டை உடைத்து இரண்டு வண்டி காய்ந்த மண் கொட்டு. துணைக்கு ஒன்று பார், கழுதையானால் நல்லது, ஆடானாலும் சரி, அசிங்கம் பண்ணினால் நீ அள்ளு. முதுகில் இனி யாரும் ஏறக்கூடாது, உன் மாமனாரே வந்து கேட்டாலும் கூடாது. திருப்பி இங்கே அனுப்பிவிடுகிறேன் என்று தப்பிக்கப் பார்க்காதே, இந்த வயதில் இந்தக் காலோடு இரண்டு நாள் லாரியில் அவள் நிற்க மாட்டாள். நான் வருகிறேன். பயறு விதைப்பு முடிந்ததும் ரயில் ஏறுவேன். எத்தனை நாள் இருப்பேன் என்று சொல்ல மாட்டேன், சுன்யானிடம் சொல்லி மனதைத் தேற்றி வை.

மற்றபடி இங்கே விசேஷம் இல்லை. இலந்தை மரங்கள் இந்த வருஷம் தாமதமாகத் துளிர்க்கின்றன. போன வருஷ மழையில் வெடித்த பழம் போக நல்லது கொஞ்சம்தான் மிஞ்சியது. உன் பெரியப்பா மகளுக்கு இரண்டாவதும் பெண், கொழுகொழு என்று இருக்கிறாள். எழுதி முடித்ததை உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். தாத்தா பெயர் வருகிற இடங்களிலெல்லாம் கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டே படித்தார். நான் எழுதினது தப்பு என்று சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ எப்பிடி ஓடறா பாத்தியா, அப்பாவுக்கு" என்றார்.

இந்த உறையோடு ஒரு சின்னத் துணிப்பை வரும். கிழவர் துவான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த இலந்தை, ஒன்பது இருக்கிறது, எண்ணியிருக்கிறேன், நீ தின்றுவிடாதே. விஷயத்தைக் கேட்டதும் கிழவர் அழுதுவிட்டார். "அவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கா, வெறுங்கையா அடிச்சு அனுப்பிட்டானுங்களே" என்றார். கொட்டையை எடுத்துவிட்டுக் கொடு, அவளுக்குக் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது. நீ கூப்பிட்டுக் கொடுக்கக் கூடாது, பேரன் வாயில் அந்தப் பெயர் வரக்கூடாது. மெங்கைக் கொட்டகைக்கு வெளியே பத்தடி தள்ளி நிற்கச் சொல், கையில் கட்டை இல்லாமல், சட்டைப் பையில் ஒரு இலந்தையோடு. ஒரே தடவை யூ என்று நீட்டிக் கூப்பிடச் சொல். அன்றைக்கு அடி வாங்கினதற்கு அப்புறமும் அவள் வருகிறாளா என்று பார். வந்தால் இலந்தையைக் கொடுக்கச் சொல், பக்கத்தில் வந்ததும் நீ மெதுவாகப் போதும் என்று சொல், நிற்பாள். வரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணாதே. நான் வருகிற வரைக்கும் தினம் ஒரு தடவை கூப்பிடச் சொல்.

நீயும் சுன்யானும் நோய்நொடி இல்லாமல், தோட்டம் தழைத்து நன்றாக இருங்கள் என்று என் வயிற்றெரிச்சலுக்கு நடுவிலேயும் ஆசீர்வதிக்கிறேன். அவளைக் கூப்பிடும்போது பக்கத்தில் சிரிக்க ஆட்களை வைத்துக்கொள்ளாதே, மறந்துவிடாதே.

கோபம் தீராத உன் அம்மா,
ஃபெங்லியான்